சட்டாம்பிள்ளையா, அண்ணனா? – மூத்த மாணவர் இளைய மாணவருக்குத் துணை நிற்கும் வழிமுறை

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நம் பகுதியில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பரங்கிப்பேட்டையானாலும் லால்பேட்டையானாலும், கிள்ளையானாலும் புவனகிரியானாலும் அது ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பு வரை தெருமுனைத் தொடக்கப் பள்ளியில் படித்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்காக முதன்முறையாகப் பெரிய பள்ளியின் வாசலில் நிற்கிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்பது அதற்குப் புதிது. கழிவறை எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூட வெட்கம். வாத்தா வெளிநாட்டில் இருப்பார். உம்மா வாசல் வரை வந்து விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அதே வளாகத்தில் அதே தெருவைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். ஒருவருக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றிய பொறுப்பு இல்லை.

அந்தப் பத்துப் பேரில் ஒருவரிடம் அந்தப் பிள்ளையை முறையாக ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இது புதிய யோசனை அன்று. தமிழகத்தில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பெருமைப்பட வேண்டியதும் இருக்கிறது, எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகு தொடங்கினால்தான் பயன் கிடைக்கும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரே பள்ளியில் அல்லது ஒரே ஊரில், மேல்வகுப்பு மாணவர் ஒருவர் கீழ்வகுப்பு மாணவர் ஒருவருக்குக் குறிப்பிட்ட காலம் வரை துணையாக இருப்பதையே இங்கே பேசுகிறோம். இருவருக்கும் இடையில் நான்கைந்து வயது வித்தியாசம் இருக்கும். வாரத்தில் ஓரிரு முறை சந்திப்பார்கள். படிப்பில் தடுமாறும் இடத்தில் கைகொடுப்பது ஒரு பாதி. பள்ளியில் எப்படி நடந்துகொள்வது, பயத்தை யாரிடம் சொல்வது, அடுத்து என்ன படிப்பது என்பவற்றில் வழி சொல்வது மறுபாதி.

டியூஷன் இதிலிருந்து வேறுபட்டது. அங்கே காசு கொடுத்துப் பாடத்தை மட்டும் கேட்கிறோம். வகுப்பு லீடர் முறையும் வேறு. லீடருக்கு ஆசிரியர் கொடுப்பது அதிகாரம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவர் வேலை. துணை மாணவருக்கு யாருடைய பெயரையும் எழுதும் வேலை கிடையாது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

திண்ணையிலிருந்து லண்டன் வரை

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஓர் உபாத்தியாயரிடம் எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். அரிச்சுவடி தொடங்கியவனும் இருப்பான், நிகண்டு மனப்பாடம் செய்பவனும் இருப்பான். ஒருவரே அத்தனை பேருக்கும் தனித்தனியாகச் சொல்லித்தர முடியாது. எனவே முன்னேறிய மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறியவர்களுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுப்பான். சிறியவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினார்கள். காகிதச் செலவும் இல்லை, பலகைச் செலவும் இல்லை.

1787இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான இல்லம் அது. ஒருநாள் வழியில் நம் நாட்டுப் பள்ளி ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தம் இல்லத்திலும் செய்யச் சொன்னபோது, அங்கிருந்த ஆசிரியர்கள் இசையவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடமே அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்று சொன்னதை அந்தச் சிறுவன் செய்துகாட்டினான். பிறகு இல்லம் முழுவதும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறைக்கு மாறியது.

பெல் ஊர் திரும்பி 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்த முறைக்கு அங்கே 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் ஏற்பட்டது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் தொடங்கப்பட்ட தேசியக் கல்விச் சங்கம் இதைத் தன் பள்ளிகளில் பரப்பியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் 1830களில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு பள்ளி எழுந்தது. அதன் பெயர் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' தான். நம் தெருத் திண்ணையில் நடந்த ஒன்று உலகத்தின் பள்ளிகளுக்குப் போயிருக்கிறது.

சிதம்பரத்துக்கும் இந்த வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. 1864இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், தாம் படித்த யாழ்ப்பாணப் பள்ளியிலேயே இளம் வயதில் ஆசிரியரானவர். கீழ்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தார். கற்பித்தபடியே கற்றவர்களின் வரிசையில் அவரும் ஒருவர்.

எங்கே தவறிப்போனது?

பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை.

இங்கிலாந்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதே போன்ற முறையை நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு விரிவாக்கினார். ஓர் ஆசிரியர், அவருக்குக் கீழே மாணவத் தலைவர்கள், அவர்களுக்குக் கீழே மற்ற பிள்ளைகள் என்ற அமைப்பு. செலவு மிகக் குறைவு என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. ஆனால் மாணவத் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டது அதிகாரம். தவறு செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிடுவதும், பிள்ளையைக் கூடையில் வைத்து எல்லோரும் பார்க்க மேலே ஏற்றுவதும் அவருடைய பள்ளித் தண்டனைகளில் அடங்கும். தலைவராக இருந்த சிறுவர்களுக்கும் தமக்குத் தெரிந்ததற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. தெரிந்ததையே திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைத்தார்கள். 1846இல் பிரிட்டிஷ் அரசு வேறு வழிக்கு மாறியது. பதிமூன்று வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குத் தலைமையாசிரியரின் கீழ் ஐந்தாண்டுப் பயிற்சி கொடுத்து ஆசிரியராக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் சிறுவர்களிடம் சிறுவர்களை விடக்கூடாது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

நம் மொழியே இதற்குச் சாட்சி. சட்டாம்பிள்ளை என்ற சொல் இன்று நம் பேச்சில் எந்தப் பொருளில் வருகிறது? 'ரொம்பச் சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே' என்கிறோம். பிறரை அடக்கி ஆள்பவனுக்கு அது பெயராகிவிட்டது. சொல்லிக்கொடுக்க வைக்கப்பட்ட பிள்ளையின் பெயர், மிரட்டுபவனின் பெயராக மாறியிருக்கிறது. பிரம்பைச் சிறுவன் கையில் கொடுத்ததால் வந்த விளைவு இது.

சிதம்பரம் மறக்கக் கூடாத பாடம்

மூத்தவன், இளையவன் என்ற உறவு எவ்வளவு தூரம் கெட்டுப்போக முடியும் என்பதை நம் சிதம்பரம் நேரில் பார்த்தது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். ராகிங் என்ற பெயரில் நடந்துவந்த கொடுமையின் முடிவு அது. நாடே அதிர்ந்தது. தமிழக அரசு அந்த டிசம்பரிலேயே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1997இல் அது ராகிங் தடைச் சட்டமாயிற்று. இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வகை செய்தது. கடலூர் நீதிமன்றத்தில் 1998இல் விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனை, உயர் நீதிமன்றத்தில் ரத்தாகி, 2011இல் உச்ச நீதிமன்றத்தால் மீண்டும் உறுதி செய்யப்பட்டது.

இதை ஏன் இங்கே நினைவூட்டுகிறோம்? 'மூத்த பிள்ளைகளோடு பழக விடாதே' என்று பல பெற்றோர் சொல்வதற்குப் பின்னால் இந்த அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் விலக்கி வைப்பது தீர்வாகாது. பள்ளி வளாகத்திலும் பேருந்திலும் விளையாட்டுத் திடலிலும் மூத்த பிள்ளைகளும் இளைய பிள்ளைகளும் பழகிக்கொண்டுதான் இருப்பார்கள். நாம் ஒரு நல்ல உறவை அமைத்துக் கொடுக்காவிட்டால், வேறோர் உறவு தானாக அமையும். அது எப்படிப்பட்டதாக இருக்கும் என்பது நம் கையில் இல்லை.

நம் மரபில் இதன் இடம்

நபி (ஸல்) அவர்களிடம் மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் ஏறத்தாழ ஒரே வயதுடைய இளைஞர்கள் சிலரும் வந்து இருபது இரவுகள் தங்கிக் கற்ற செய்தி புகாரியில் உள்ளது. வீட்டு ஏக்கம் வந்துவிட்டதை நபியவர்களே உணர்ந்து, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, ஊருக்குத் திரும்பிப் போய்த் தம் மக்களுக்குக் கற்பிக்கும்படி அனுப்பினார்கள். இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, அந்த இளைஞர்களின் மனநிலையைக் கவனித்தது. இரண்டாவது, முழு ஆலிம்களாக ஆகும்வரை காத்திருக்கச் சொல்லாமல், கற்ற அளவைக் கற்பிக்கும் பொறுப்பை இளைஞர்களிடமே கொடுத்தது.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இளைஞராக இருந்தபோதே, தம்மைவிட மிக மூத்தவரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) உள்ளிட்ட முஹாஜிர்கள் சிலருக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். கற்பிப்பவர் வயதில் மூத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி அங்கே இருக்கவில்லை.

பின்னாளில் பாக்தாத் போன்ற நகரங்களின் மதரஸாக்களில் 'முஈத்' என்று ஒரு பொறுப்பே இருந்தது. ஆசிரியர் நடத்திய பாடத்தை மற்ற மாணவர்களுக்கு மீண்டும் விளக்கிச் சொல்பவர் அவர். அதன் தொடர்ச்சியை நம் அரபுக் கல்லூரிகளில் இன்றும் 'தக்ரார்' என்ற பெயரில் காணலாம். உஸ்தாத் காலையில் நடத்திய பாடத்தை, இரவில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, தம்மில் ஒருவர் திரும்ப நடத்த மற்றவர்கள் கேட்பார்கள். நாம் ஓதிய காலத்தில் நஹ்வுப் பாடத்தில் உஸ்தாதிடம் கேட்கத் தயங்கிய சந்தேகங்களை எல்லாம் தக்ராரில்தான் கேட்டோம். நாம் தக்ரார் நடத்தும் முறை வந்தபோதுதான், புரிந்துவிட்டது என்று நினைத்திருந்த பாடம் எவ்வளவு புரியவில்லை என்பதும் தெரிந்தது. பிறகு கலைக் கல்லூரியில் படித்தபோது அங்கே இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அதன் அருமை அப்போதுதான் விளங்கியது.

மதரஸாவில் நமக்குப் பழக்கமான இந்த முறையை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நாம் ஏன் கொண்டுபோகவில்லை என்பது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

பலன் யாருக்கு?

இளைய மாணவருக்குப் பலன் உண்டு என்பது எளிதில் புரியும். மூத்த மாணவருக்கும் அதே அளவு உண்டு என்பதுதான் பலர் அறியாதது. 1982இல் கோஹன், ஜேம்ஸ் குலிக், சென்-லின் குலிக் ஆகிய ஆய்வாளர்கள், மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் 65 திட்டங்களின் மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்றவர்கள் மட்டுமல்லாமல் கற்பித்தவர்களும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தார்கள். பாடத்தின் மீதான விருப்பமும் இரு தரப்பிலும் கூடியிருந்தது.

தமிழக அரசும் இதை வேறொரு வகையில் நடைமுறைப்படுத்தியது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலில், ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழுவைப் போலவே சக மாணவர் உதவியோடு படிக்கும் குழுவும் இருந்தது. அட்டைகளையும் ஏணிப்படியையும் வைத்துப் படித்த அந்தப் பிள்ளைகள் இன்று இளைஞர்களாக நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

ஏன் இது பலன் தருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். ஆசிரியர் தவறு என்று அடித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகிறார். நாற்பது நோட்டு காத்திருக்கிறது. ஆனால் நான்கு வருடத்துக்கு முன் அதே தவறைச் செய்த பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். "தம்பி, அரைப் புரோட்டா கையில் இருக்கு. இன்னும் கொஞ்சம் புரோட்டா வாங்குறே. இப்போ கையில் இருப்பது அரையைவிடக் குறையுமா? ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவுதானே?" என்று கேட்பார். பிள்ளை தானே தவறைக் கண்டுபிடிக்கும். பிறகு இரண்டையும் ஆறு பங்காக வெட்டிப் பார்த்து, ஆறில் ஐந்து என்ற விடைக்கு வரும். சமீபத்தில் அதே வழியில் நடந்தவருக்குப் பள்ளம் எங்கே என்பது நினைவில் இருக்கும். மூத்த மாணவரின் பலம் இதுதான்.

பாடத்துக்கு வெளியேயும் இப்படித்தான். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் வென்றால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமான வரம்பு உண்டு. ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணும் பார்க்கப்படும். முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் இதை யார் சொல்வது? அந்தத் தேர்வை எழுதிய லாத்தாவோ நானாவோ சொன்னால், ஏழாம் வகுப்பிலேயே பிள்ளை தயாராகிவிடும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தக் குரூப் எடுப்பது, ஐடிஐயா பாலிடெக்னிக்கா, அரசுப் பள்ளியில் படித்தவர்கள் கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பவையும் இப்படித்தான் கைமாற வேண்டும்.

நம் ஊர்களில் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கிறது. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி கிடைத்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் பழைய குறைகள் எல்லாம் ஒன்றாக வெளிப்படும். பிள்ளை முதலில் திங்கட்கிழமை போகாது, பிறகு பரீட்சைக்குப் போகாது, பிறகு ஒரு கடையில் நிற்கும். பாஸ்போர்ட் எடுக்கும் வயதுக்காக வீடு காத்திருக்கத் தொடங்கும். 'ஏன் வரலை?' என்று முதல் திங்கட்கிழமையே கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை நின்றிருக்கும். ஆசிரியருக்கு நாற்பது பேர். துணை மாணவருக்கு ஒருவர்தான்.

எப்படி அமைப்பது?

பள்ளியிலும் செய்யலாம். மஹல்லா மதரஸாக் கூடத்திலும் செய்யலாம். எங்கே செய்தாலும் பின்வருபவை கட்டாயம்.

1. ஒருவருக்கு ஒருவர். ஒரு மூத்த மாணவருக்கு ஓர் இளையவர், அதிகம் போனால் இருவர். பத்துப் பேரை ஒப்படைத்தால் அது மறுபடியும் சட்டாம்பிள்ளை முறையாகிவிடும்.

2. விருப்பம். மூத்தவரும் இளையவரும் மனமுவந்து வர வேண்டும். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். முதல் மதிப்பெண் எடுப்பவர்தான் தகுதியானவர் என்பதில்லை. ஒரு காலத்தில் தடுமாறி எழுந்தவர் பல நேரங்களில் இன்னும் நன்றாகச் செய்வார்.

3. மூத்தவர் பதினொன்றாம் வகுப்பில் இருப்பது நல்லது. பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் இந்தச் சுமையைக் கொடுக்க வேண்டாம். இளையவர் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் இருக்கட்டும்.

4. ஆண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள். பெண் பிள்ளைகளின் சந்திப்புக்கு ஓர் ஆசிரியையோ ஆலிமாவோ பொறுப்பு ஏற்கட்டும்.

5. திறந்த இடம். பலரும் பார்க்கும் கூடத்தில், ஒரு பெரியவர் இருக்கும்போது மட்டுமே சந்திப்பு. தனி அறை கூடாது. வீட்டுக்கு அழைத்துப் போவது கூடாது. இரவில் தனியாகச் செல்போன் அரட்டை கூடாது. இந்த விதியில் விலக்கே வேண்டாம்.

6. நிலையான நேரம். வாரம் இருமுறை, முக்கால் மணி நேரம் போதும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலான நேரம் பல ஊர்களுக்குப் பொருந்தும். நவம்பர், டிசம்பரில் மழை விடுமுறை தொடர்ந்து வரும் நம் மாவட்டத்தில், அந்த நாட்களின் பாடத்தை ஈடுசெய்யவும் இது உதவும்.

7. பயிற்சி. தொடங்குமுன் மூத்தவர்களை இரண்டு நாள் உட்காரவைத்துப் பேச வேண்டும். விடையைச் சொல்லாமல் கேள்வி கேட்பது எப்படி, குறுக்கிடாமல் கேட்பது எப்படி, எதைப் பெரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பவற்றை நடித்துக்காட்டிப் பழக்க வேண்டும்.

8. தண்டிக்கும் அதிகாரம் அறவே கிடையாது. திட்டுவது, தோப்புக்கரணம் போட வைப்பது, வேலை வாங்குவது, கடைக்கு அனுப்புவது எல்லாமே தடை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கே அடிக்கவும் மனத்தைப் புண்படுத்தவும் தடை விதித்திருக்கும்போது, ஒரு மாணவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்?

9. ஓராண்டு உறுதி. இது மிக முக்கியம். அமெரிக்காவில் பெரியவர்கள் சிறுவர்களுக்குத் துணை நின்ற திட்டம் ஒன்றைக் கிராஸ்மன், ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் நல்ல பலன் மிகுதியாக இருந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் சிறுவர்களின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. ஏற்கனவே வாத்தாவை ஆண்டுக்கு ஒரு மாதம் பார்க்கும் பிள்ளையிடம், இன்னொருவரும் வந்துவிட்டுப் போய்விட்டார் என்ற எண்ணத்தை நாம் உண்டாக்கக் கூடாது. ஓராண்டு நடத்த முடியாதென்றால் தொடங்காமல் இருப்பதே மேல்.

ரகசியம் பற்றி ஒரு சொல்

இளைய பிள்ளைகள் உம்மாவிடமும் ஆசிரியரிடமும் சொல்லாததை இவர்களிடம் சொல்வார்கள். மதிப்பெண் அட்டையை மறைத்தது, நண்பனோடு சண்டை போன்றவற்றை மூத்தவர் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அது அமானிதம். ஆனால் யாரேனும் அடிக்கிறார்கள், தகாத முறையில் தொடுகிறார்கள், புகையிலையோ போதைப் பொருளோ கொடுக்கிறார்கள், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்பவற்றைப் பிள்ளை சொன்னால், அன்றே பொறுப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை முதல் நாளே கற்றுத்தர வேண்டும். அந்தச் சுமையைப் பதினாறு வயதுப் பிள்ளை தனியே தாங்க முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098, தமிழகப் பள்ளிக் கல்வி உதவி எண் 14417 ஆகிய இரண்டும் கூடத்தின் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

'என் பிள்ளையின் படிப்பு கெடாதா?' வாரம் ஒன்றரை மணி நேரம் கைபேசியில் போவதைவிட இது பயனுள்ளது. ஏழாம் வகுப்புக் கணக்கைச் சொல்லித்தரும் பிள்ளைக்கு அதன் அடிப்படை மேலும் உறுதியாகும்.

'கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டால்?' மேலே சொன்ன ஐந்தாம் விதி அதற்காகத்தான். பொறுப்பாளர் மாதம் ஒருமுறை இளைய பிள்ளையிடம் தனியே பேச வேண்டும். பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், காரணம் கேட்டு வற்புறுத்தாமல் இணையை மாற்றிவிட வேண்டும்.

'நம் பிள்ளைகளுக்கு மட்டுமா?' பள்ளியில் நடத்தும்போது எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்துதான் இருப்பார்கள். அப்படி இருப்பதே நல்லது. நம் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தந்த அடுத்த தெரு அண்ணனையும், நம் பிள்ளை தமிழ் வாசிக்கப் பழக்கிய தம்பியையும் அவர்கள் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டார்கள்.

எங்கே தொடங்குவது?

பெரிய விழாவும் பேனரும் தேவையில்லை. ஒரு மஹல்லாவில் ஐந்து இணைகள் போதும். ஓர் ஆசிரியர் அல்லது ஆலிம், ஒரு கூடம், ஒரு வருகைப் பதிவேடு. ஆண்டு முடிவில் எத்தனை பேர் முதல் மதிப்பெண் எடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். ஐந்து இளையவர்களில் எத்தனை பேர் பள்ளியில் தொடர்கிறார்கள் என்று எண்ணுவோம். அந்த ஐவரில் எத்தனை பேர், தாங்கள் பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது இன்னொரு பிள்ளையை ஏற்க முன்வருகிறார்கள் என்று பார்ப்போம்.

நம் வீடுகளில் காக்கா, நானா, லாத்தா, ராத்தா என்று மூத்தவர்களை அழைக்கிறோம். அந்த அழைப்பில் மரியாதையோடு ஓர் உரிமையும் சேர்ந்திருக்கிறது. தூக்கிச் சுமக்கும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு என்று நாம் நம்புவதால் வரும் உரிமை அது. வீட்டுக்குள் இருக்கும் அந்த முறையைத் தெருவுக்கும் பள்ளிக்கும் கொண்டுபோவதே நாம் செய்ய வேண்டியது. அடுத்த ஜூன் மாதம் பெரிய பள்ளியின் வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளையை, பெயர் சொல்லி அழைக்க உள்ளே ஒருவர் காத்திருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அதற்கான பேச்சை இந்த வாரமே நம் ஜமாஅத்தில் தொடங்குவோம்.